கரண்ட் பிடிக்கும் நாளுக்குப் பேர் உண்டா?



தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எங்களிடம் பிள்ளைகள் கொப்பி மட்டும் கொண்டு வருவதில்லை. வங்கிக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, வெளிநாட்டு ஏஜென்சியின் பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் வரும். "அப்பா இத வாசிச்சு சொல்லச் சொன்னாங்க சேர்" என்று நீட்டுவார்கள். ரிப்போர்ட் இங்கிலீசில் இருக்கும். கையொப்பம் வாங்கிய படிவம் சிங்களத்தில் இருக்கும். நோயாளிக்குத் தெரிந்தது தமிழ். அப்படி வரும் காகிதங்களில் 'புரோஸ்டேட்' என்ற சொல்லை நாங்கள் பல தடவை கண்டிருக்கிறோம். அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டால், "மூத்திரக் கோளாறுன்னு சொன்னாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அப்பாவையே வரச்சொல்லி ஆள் அனுப்பினால் அவர் வருவதில்லை. அம்மா வருவார்.

நம் பெண்கள் இந்த விடயத்தில் ஆண்களை விட முன்னே போய்விட்டார்கள். சுகவனிதையர் கிளினிக் இந்த நாட்டில் 1996இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரச்சொல்லி மிட்வைஃப் லயத்துக்கு லயம் சொல்லிப்போகிறார். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு வந்து சேர்ந்த செய்தி வெற்றிலை, புகையிலை பற்றியதுதான். அதுவும் அவசியம். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோயும் முன்வரிசையில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உள்ள உறுப்பு என்பதால் பிரட்டுக்களத்திலும் பேச மாட்டோம், கோயில் கமிட்டியிலும் பேச மாட்டோம், சங்கக் கூட்டத்திலும் பேச மாட்டோம். ஆகவே இந்த இதழில் பேசுகிறோம்.

பாடப்புத்தகத்தில் இதற்கு 'முன்னிற்கும் சுரப்பி' என்று பெயர். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவில் இருக்கிறது. விந்தோடு சேரும் நீரைச் சுரப்பது அதன் வேலை. வயது போகப் போக இது பெரும்பாலான ஆண்களுக்கு வீங்கும். சிறுநீர் மெல்லப் போகும், இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டி வரும். அந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குவதால் முதலில் எந்தத் தொந்தரவும் தராமலே வளரும். நெருஞ்சி முள் அவித்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று இருப்பவர்களிடம் நாம் சண்டைக்குப் போகவில்லை. குடியுங்கள். ஆனால் அதைக் குடித்துக்கொண்டு ஒரு வருசத்தைக் கழிக்காதீர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்க வேண்டும். "எனக்கு எப்பவோ புரோஸ்டேட் ஒப்பரேஷன் செஞ்சாச்சு" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் அநேகருக்கு நடந்தது, சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியை விட்டு வீங்கிய பகுதியைச் செதுக்கி எடுத்து வழியைத் திறந்துவிடும் ஒப்பரேஷன். சுரப்பியின் வெளிப்பகுதி அப்படியே உள்ளேதான் இருக்கிறது. அதில் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். இன்னொன்று, செதுக்கி எடுத்த துண்டுகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். நமது ஆள் அதற்குள் துண்டு வெட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார். சிறுநீர் நன்றாகப் போகிறது, பிறகு எதற்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று விட்டுவிடுவார். புற்றுநோய் என்று எழுதிய ரிப்போர்ட் ஆஸ்பத்திரிக் கோவையில் உறங்கும். ஒப்பரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்வரை கிளினிக்கை விடக்கூடாது.

இனி, 'ஹை ரிஸ்க்' என்று டொக்டர் சொன்னால் என்ன பொருள்? லயத்தில் இதை 'கடைசி ஸ்டேஜ்' என்று மொழிபெயர்த்து, அழுது, கடன்காரனுக்குப் பயந்து, பிள்ளையின் படிப்பை நிறுத்தும் அளவுக்குப் போகிறார்கள். அது தவறு. நோய் இன்னும் சுரப்பியிலோ அதை ஒட்டிய இடத்திலோதான் இருக்கிறது, ஆனால் வேகமாகப் பரவக்கூடிய வகை என்பதே அந்தச் சொல்லின் பொருள். மூன்று விடயங்களை வைத்து இதைத் தீர்மானிக்கிறார்கள். பீ.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் எண் 20ஐத் தாண்டியிருப்பது ஒன்று. ஊசியால் எடுத்த சதைத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் போடும் கிளீசன் எண் 8, 9 அல்லது 10 ஆக இருப்பது இன்னொன்று. சுரப்பியின் உறையைக் கிழித்துக்கொண்டு கட்டி வெளியே வந்திருப்பது மூன்றாவது. இதில் ஒன்று இருந்தாலும் உயர் ஆபத்துதான். (பீ.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய் என்று பதறவும் தேவையில்லை. சிறுநீர்க் கிருமித் தொற்றிலும் சாதாரண வீக்கத்திலும் அது கூடும்.) பிறகு எலும்பு ஸ்கேன், சி.டி. ஸ்கேன் எடுத்து வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பரவவில்லை என்றால், சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதுதான். அந்தச் சொல்லை டொக்டரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: "குணமாக்கத்தான் பார்க்கிறீங்களா சேர், இல்ல அடக்கி வைக்கவா?"

எழுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கும் இந்தக் கேள்வியின் கனம் ஒன்றல்ல. மெதுவாக வளரும் வகை என்றால் வயதானவரைச் சும்மா கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். அது நல்ல வைத்தியமே. உயர் ஆபத்து வகையில், அதுவும் இன்னும் இருபது இருபத்தைந்து வருசம் வாழவேண்டிய மனிதனில், சும்மா பார்த்துக்கொண்டிருப்பது சரியான வழியல்ல. நாட்டின் சட்டப்படி ஓய்வு வயதே இப்போது 60. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைக்கு இன்னும் வேலை பாக்கி, வீட்டில் சாதாரண தரம் எழுதும் பிள்ளை பாக்கி.

சரி, வழிகள் என்ன? முதலாவது, கதிர்ச் சிகிச்சையும் ஓமோன் சிகிச்சையும் சேர்ந்தது. கதிர்ச் சிகிச்சையை நமது சனம் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்றே போன்ற, ஆனால் பலமடங்கு வலுவான கதிரைக் கட்டியின் மேல் குறிவைத்து விடுகிறார்கள். படுத்திருக்கும்போது நோவு இருக்காது. வாரத்தில் 5 நாள் வீதம், முறையைப் பொறுத்து 4 வாரம் முதல் 8 வாரம் வரை போகவேண்டும். ஓமோன் சிகிச்சை என்றால், இந்தப் புற்றுநோய்க்குத் தீனியாக இருக்கும் ஆண் ஓமோனை நிறுத்துவது. மாதத்துக்கொரு முறையோ மூன்று மாதத்துக்கொரு முறையோ ஊசி போடுவார்கள். உயர் ஆபத்து என்றால் இதை ஒன்றரை வருசம் முதல் மூன்று வருசம் வரை தொடர வேண்டும்.

ஏன் இரண்டும் சேர வேண்டும்? ஐரோப்பாவில் 415 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வில், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5 வருசம் கழித்து 100க்கு 62 பேர் உயிருடன் இருந்தார்கள். கதிரோடு 3 வருசம் ஓமோன் ஊசியும் பெற்றவர்களில் 78 பேர். மறுபக்கம், நோர்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் 875 பேரிடம் ஓமோன் மட்டும் போதுமா என்று பார்த்தார்கள். 2009இல் வந்த அதன் முடிவின்படி, ஓமோன் மட்டும் பெற்றவர்களில் 10 வருசத்துக்குள் 100க்கு ஏறக்குறைய 24 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதோடு கதிரும் பெற்றவர்களில் 12 பேர். சரிபாதி. இந்த ஒரு கணக்கைத் தோட்டத் தலைவர்மார் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். காரணம் பின்னால் வருகிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. மிக உயர்ந்த ஆபத்து உள்ளவர்களுக்கு, கதிரோடும் ஊசியோடும் அபிராடெரோன் என்ற மாத்திரையை 2 வருசம் கொடுத்துப் பிரித்தானியாவை மையமாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022 அளவில் வெளிவந்தது. 6 வருச முடிவில் நோய் பரவாமல் உயிரோடு இருந்தவர்கள் 69இலிருந்து 82 வீதமாகக் கூடினார்கள். இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கிளினிக்கில் அது கிடைக்குமா, உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது வழி சத்திரசிகிச்சை. முன்னே சொன்ன செதுக்கும் ஒப்பரேஷன் அல்ல இது. சுரப்பி முழுவதையும், பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுவது. நடுத்தர வயதுக்காரர், இருதயமும் நுரையீரலும் நன்றாக உள்ளவர் என்றால் இதைத் தாங்குவார். சில நாள் வார்டில், ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடு, ஆறு வாரமளவு பாரம் தூக்காமல் இருக்க வேண்டும். எடுத்த சுரப்பியை முழுதாக ஆராய்வதால் நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் உயர் ஆபத்து வகையில் கணிசமானவர்களுக்கு ஒப்பரேஷனோடு முடியாது. பீ.எஸ்.ஏ. மறுபடி ஏறினால் கதிரும் ஓமோனும் தேவைப்படும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. "வெட்டி எடுத்தும் திரும்ப வந்துட்டுதே" என்று டொக்டரைத் திட்டிக்கொண்டு கிளினிக்கை விட்டவர்கள் உண்டு.

ஒப்பரேஷனா கதிரா, எது மேல்? உயர் ஆபத்து நோயாளரிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து முடிவு சொன்ன பெரிய ஆய்வு நாமறிய இன்னும் வரவில்லை. ஆகவே அறுவை நிபுணர் ஒன்று சொல்வார், கதிர் நிபுணர் இன்னொன்று சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரையும் பார்த்துப் பேசிய பிறகு முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அறுவை நிபுணரைப் பார்த்தவர், "கரண்ட் டொக்டரையும் ஒருக்கா பார்க்க ஏலுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது.

பின்விளைவுகளை மறைத்துப் பேசினால் நாம் உங்களுக்கு உண்மையாக இருந்தவர்களாக மாட்டோம். ஒப்பரேஷனுக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசியும், சிலருக்கு நிரந்தரமாகவும் கசியலாம். இரண்டு வழியிலும் தாம்பத்திய உறவுக்கான வலு குறையலாம், இல்லாமலும் போகலாம். கதிருக்குப் பிறகு வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம் சிலருக்கு வரும். ஓமோன் ஊசி உடம்பில் திடீர்ச் சூடு ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், தசையைக் கரைக்கும், தொப்பை போடும், சீனி வருத்தத்தைக் கூட்டும், மனதைச் சோரவைக்கும். புத்தகத்தில் இவை ஒரு பட்டியல். லயத்தில் இவற்றுக்கு வேறு முகம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், வயது வந்த மகளும் மருமகனும் இருக்கும் வீட்டில், சிறுநீர் கசியும் மனிதன் எங்கே உடை மாற்றுவான்? நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கும் இடத்தில் குழாயையும் பையையும் எப்படிச் சுத்தமாக வைப்பான்? தசை கரைந்த உடம்போடு கவ்வாத்து மலையில் எப்படி நிற்பான்? தாம்பத்தியம் பற்றி மனைவியிடம் பேசாமலே படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டு, பிறகு குடித்துக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்களையும் நாம் அறிவோம். கிளினிக்குக்கு மனைவியைக் கூட்டிப் போங்கள். அவர் வெளியே வாங்கில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்ள வந்தவரல்ல. உள்ளே கூப்பிடுங்கள்.

இப்போது, முன்னே சொன்ன அந்தக் கணக்குக்கு வருகிறோம்.

ஆண் ஓமோனை நிறுத்த ஊசி தவிர இன்னொரு பழைய வழி இருக்கிறது. இரண்டு விதைகளையும் சிறு ஒப்பரேஷனில் எடுத்துவிடுவது. 1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற வைத்தியர் இதனால் புரோஸ்டேட் புற்றுநோய் அடங்குவதைக் காட்டினார். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலிவானது, ஒரே தடவையில் முடிவது, ஊசியைப் போலவே ஓமோனைக் குறைப்பது. எலும்புக்குப் பரவிய நோயில், ஆயுள் முழுக்க ஓமோனை அடக்க வேண்டிய ஒருவருக்கு இது கௌரவமான, நல்ல வைத்தியம். அதைத் தேர்ந்தெடுத்தவரை யாரும் கேலி பேசக்கூடாது.

ஆனால் நோய் பரவாத ஐம்பத்துச் சொச்சம் வயதுக்காரரின் நிலை வேறு. அவருக்கு ஓமோன் அடக்கம் தேவைப்படுவது கூடிப்போனால் மூன்று வருசம். ஊசியென்றால், நிறுத்திய பிறகு பலருக்கு ஓமோன் மெல்லத் திரும்பி வரும். விதையை எடுத்தால் திரும்பி வராது. அதோடு, விதையை எடுத்ததோடு வைத்தியம் முடிந்தது என்று கதிருக்குப் போகாமல் விட்டால், நோர்டிக் நாட்டு ஆய்வில் 24 பேர் இறந்த பக்கத்தில் அவர் போய் நிற்கிறார்.

நாம் அறிந்த ஒரு தோழர். வயது 54, கவ்வாத்துக்காரர். நோய் பரவவில்லை. கதிருக்கு ஏழு வாரம் போகவேண்டும் என்று சொன்னார்கள். "ஏழு வாரம் எங்க தங்குவீங்க, யார் பார்ப்பாங்க" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது இவரிடம் பதில் இல்லை. ஊசிக்கும் மாதாமாதம் வர முடியாது என்றார். அப்படியானால் சின்ன ஒப்பரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். சிங்களப் படிவத்தில் ஒப்பமிட்டார். என்ன எடுத்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோதுதான் மனைவிக்குத் தெரியவந்தது. அந்த வைத்தியரைக் கொடுமைக்காரர் என்று நாம் சொல்ல மாட்டோம். இந்த ஆள் மறுபடி வரமாட்டார், வந்தபோதே ஏதாவது செய்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த இடத்தில் வைத்தியத்தைத் தீர்மானித்தது பீ.எஸ்.ஏ. எண்ணா, கிளீசன் எண்ணா? பஸ் வண்டியும் செக்ரோலும்தான் தீர்மானித்தன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாமிமலையிலிருந்து முதல் பஸ் எடுத்து ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய், பத்து நிமிடம் கதிர் பிடித்து, இரவு லயத்துக்குத் திரும்பி, மறுநாள் காலையும் அதே பஸ் ஏறுவது எத்தனை நாளைக்கு நடக்கும்? மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, தங்கியே ஆகவேண்டும். பசறை, நமுனுகுலைப் பக்கத்து ஆட்களுக்கு பதுளையில் புற்றுநோய்க் கிளினிக் இருப்பது சற்று ஆறுதல். வைத்தியம் இலவசம், உண்மை. இந்த நாடு பெருமைப்படக்கூடிய விடயம் அது. ஆனால் போன நாளுக்குப் பேர் இல்லை. துணைக்குப் போகும் மனைவிக்கும் பேர் இல்லை. ஏழு வாரம் ஒரு வீட்டில் இரண்டு பேர் விழுகிறது. கடையில் கொப்பிக் கணக்கு ஏறுகிறது. இந்த நிலையில், "வேணாம் சேர், வெட்டிவிட்டுடுங்க" என்று சொல்வதை நாம் அவருடைய சுயவிருப்பம் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

ஆகவேதான் இதைக் குடும்ப விடயம் என்று ஒதுக்காமல் சங்க விடயமாக எடுக்க வேண்டும் என்கிறோம். 2021இல் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனபின் நமது பேச்சு முழுக்க நாட்சம்பளத்தைச் சுற்றியே ஓடுகிறது. சம்பளம் முக்கியந்தான். ஆனால் கம்பனிகளுடன் மறுபடி மேசையில் உட்காரும்போது, புற்றுநோய்ச் சிகிச்சை நாட்களுக்குப் பேர், குறைந்தது அரைப்பேர், என்ற கோரிக்கையும் மேசையில் இருக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு முன்கூட்டியே நாட்கள் குறித்த அட்டை தருகிறார்கள். அந்த அட்டையே அத்தாட்சி, ஏமாற்ற வழியில்லை. துணைக்குப் போகும் ஒருவரின் பெயர் செக்ரோலிலிருந்து வெட்டப்படக்கூடாது. ஓமோன் ஊசி ஓடும் காலத்தில் கவ்வாத்து, மருந்தடிப்பு, மூடை தூக்குதல் கொடுக்காமல் இலகு வேலை தரவேண்டும். "அவன் சோம்பேறியாயிட்டான்" என்று கங்காணிமார் சொல்வது மருந்தின் வேலை, மனிதனின் குணமல்ல.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது வேறு. ஓமோன் ஊசியைப் போடப் புற்றுநோய் நிபுணர் தேவையில்லை, பயிற்சி பெற்ற தாதி போதும். நிபுணர் எழுதிக்கொடுத்த ஊசியை டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையிலோ போட ஒழுங்கு செய்தால், மாதாந்தப் பயணம் பாதியாகக் குறையும். அதுவும் மூன்று மாத ஊசியாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஊசி நடுவில் நிற்பது சின்ன விடயமல்ல. ஆறு மாதம் போட்டவர்களையும் மூன்று வருசம் போட்டவர்களையும் ஒப்பிட்ட இன்னோர் ஐரோப்பிய ஆய்வில், குறுகிய காலம் போட்டவர்களிலேயே இறப்பு அதிகம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியே வாங்க வசதியில்லாதவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

மொழியைப் பொறுத்தவரை யாரிடமும் தயவு கேட்கத் தேவையில்லை. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லையென்றால், தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ வாசித்துச் சொல்லும்வரை பேனையைத் தொடாதீர்கள். அவசர ஒப்பரேஷன் அல்ல இது. ஒரு வாரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் எந்த நிபுணரும் கோபிக்க மாட்டார். ஆனால் அந்த ஒரு வாரம் ஒரு வருசமாகக் கூடாது.

காசு வழிகள் சில இருக்கின்றன. ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு இப்போது கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் 10 வருசத்துக்கு மேல் பணம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால், வேலையில் இருக்கும்போதே 30 வீதத்தை வைத்தியச் செலவுக்கு எடுக்கும் திட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களக் காரியாலயத்தில் கேட்க வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் இழுத்தடிக்கும் தோட்டங்களில் இந்தக் கதவும் அடைபடுகிறது என்பதை நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. மஹரகமையில் வெளியூர் நோயாளர் தங்குவதற்கான இடங்கள் பற்றி வார்டின் பொறுப்புத் தாதியிடம் சேர்ந்த அன்றே விசாரியுங்கள். மரணாதாரச் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோம், பெட்டி வாங்கக் காசு உடனே கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதன் ஏழு வாரம் பஸ் ஏறுவதற்கு அதிலிருந்து ஏன் ஒரு கடன் கொடுக்க முடியாது என்று நாங்கள் கேட்டபோது ஒரு தோட்டத்தில் சிரித்தார்கள். இரண்டாம் தடவை கேட்டபோது சிரிக்கவில்லை.

நோய் வந்தவரின் சகோதரர்களும் மகன்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு இருமடங்களவு கூடுகிறது. 45 வயதானதும் டொக்டரிடம் அதைச் சொல்லி, பீ.எஸ்.ஏ. பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குத் திடீரென்று கால் மரத்துப்போனாலோ, இரண்டு காலிலும் வலு குறைந்தாலோ, தாங்க முடியாத முதுகுவலியோடு சிறுநீர் நின்றுபோனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். முள்ளந்தண்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். மணித்தியாலங்கள் தாமதித்தாலும் நடை திரும்பாமல் போகலாம்.

அடுத்த மாவட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன், தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் தங்கள் தோட்டத்தில் புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போய்வரும் ஆண், பெண் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரி, மாதத்தில் எத்தனை நாள் பேர் போகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். ரிப்போர்ட் வாசிக்க ஆள் தேவையென்றால், பாடசாலை விட்டபின் எங்களிடம் வாருங்கள். பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே வாருங்கள்.